விரல் மடங்காத விடியற்காலை

(கிளைக் கூட்டத்தில் பேசியது)



நமது கிளையிலே மரம் சீவும் ஓர் அம்மாவுக்கு ஆறு மாதமாகச் செக்ரோலில் அடிக்கடி பேர் விழுவதில்லை. பெரட்டுக்குப் பிந்தி வருகிறார். மண்டோர் திருப்பி அனுப்புகிறார். ‘பத்து மணிக்கு மேல் நன்றாகத்தானே நடமாடுகிறாள், காலையிலே மட்டும் என்ன நோவு?’ என்று பேசியவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். வெட்கத்தோடு சொல்கிறோம்.

அந்த அம்மாவுக்கு வந்திருப்பது முடக்குவாதம். வயதாகி மூட்டுத் தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. கிருமியோடு போராட வேண்டிய உடம்பின் காவற்படை, சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒருசேர விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பேனா பிடிக்கிற கையையும் விடாது. தூங்கி எழுந்ததும் மூட்டுகள் இறுகிக் கிடக்கும்; இளக ஒரு மணி நேரமாகும், சிலருக்கு அதற்கும் மேலாகும்.

நம் தொழிலோ, வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் தாராளமாக ஓடுகிற தொழில். மரத்துக்கு எது நல்ல நேரமோ, இந்த நோயாளிக்கு அதுவே பொல்லாத நேரம். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டிய விரல்களுக்கு அப்போது ரவிக்கைக் கொக்கி மாட்டவும் முடியாது. இதையா சோம்பல் என்றோம்?

மருந்து உண்டு. 1948-இல் அமெரிக்காவில் ஹெஞ்ச் என்னும் டாக்டர் கார்ட்டிசோன் ஊசி போட்டதும், முடங்கிக் கிடந்த ஒரு பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதை நெடுநாள் கொடுத்தால் முகம் ஊதும், எலும்பு பலமிழக்கும். அந்த இனத்து மருந்தைத்தான் சிலர் ஜாமுப் பொட்டலத்தில் இரகசியமாய்க் கலந்து விற்கிறார்கள். ஒரே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள்!

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே; தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பலன் தெரியப் பல வாரமாகும், இரத்தமும் சோதிக்க வேண்டும். சம்சுக்காரர்களுக்கு ஈரல் கெடும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வீக்கம் கண்ட முதல் மாதங்களிலேயே போக வேண்டும்; கோணிப்போன விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

சட்டம் என்ன தருகிறது? 1955-ஆம் வருடத்து வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு, ஆஸ்பத்திரியில் படுக்காத நோய்க்கு, வருடத்தில் 22 நாள் சம்பளத்தோடு லீவு. இந்த நோய்க்கு அது எந்த மூலைக்கு? சம்பாதிக்கும் சக்தி நிரந்தரமாக மூன்றிலொரு பங்குக்கும் கீழே போனவர்களுக்குச் சொக்சோவில் ஓய்வூதிய வழி உண்டு. அந்த அம்மா கேட்பது அதுவல்ல, வேலைதான் கேட்கிறார். எட்டு மணிக்குத் தொடங்குகிற ஸ்டோர் வேலையோ நாற்றங்கால் வேலையோ போதும் என்கிறார்.

மனு எழுதியாகிவிட்டது. டாக்டர் சீட்டும் சேர்த்திருக்கிறோம். கிராணி சகோதரர்களே, ஆறு மாதச் செக்ரோலில் அந்த அம்மா திரும்பிப்போன நாட்களைக் குறித்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மானேஜரைப் பார்க்கப் போகிறோம். அந்த நிரையில் சீவுகிறவர்கள் நாலு பேராவது கூட வாருங்கள்.