வலிக்காத கட்டி

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். புண் ஆறியதும் நெறியும் வாடிவிடும். அதைக் கண்டு நம் பாட்டிமார் அஞ்சியதில்லை, அஞ்ச வேண்டியதுமில்லை.

அந்த நெறி யாது? இரத்தக் குழாய்களைப் போலவே நம் உடலில் நிணநீர்க் குழாய்களும் உள்ளன. அவற்றின் வழியில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் அவரை விதை போன்ற கணுக்கள் உண்டு. லிம்போசைட்டு என்னும் வெள்ளணுக்கள் அங்கிருந்து நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. கிருமி வந்தால் கணு வீங்கும். அதுவே நெறி. கிருமியின்றியே அவ்வணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால், அது லிம்போமா என்னும் புற்றுநோய்.

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் ஏழு நோயாளிகளின் கணுக்களை வருணித்தார். பிற்காலத்தார், அவர் பெயரால் வழங்கும் நோய்க்கே உரிய பேரணு ஒன்றை நுண்ணோக்கியில் கண்டனர். அவ்வணு காணப்படாத லிம்போமாக்கள் 'ஹாட்ஜ்கின் அல்லாதவை' எனப்பட்டன. இன்று அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. சில ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். சில வாரங்களில் பெருகிவிடும். ஒரு விந்தை கேளுங்கள்! ஹாட்ஜ்கின் பார்த்தவர்களின் திசுக்களில் எஞ்சியவற்றை 1926-இல் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவை அனைத்தும் ஒரே நோயல்ல என்பது தெரிந்தது. அத்தகைய அறிஞரின் கண்ணுக்கே பிடிபடாத வேற்றுமை அது!

நோய்க்கூற்றியல் மருத்துவனாகிய நான் இதனை ஒரு மாணவனிடம் கண்டேன். அவன் கழுத்தில் கட்டி இருந்தது, வலி இல்லை. தேர்வு முடியட்டும் என்றிருந்துவிட்டான். பின்னர்க் காய்ச்சல் வந்தது, இரவில் பாய் நனையும்படி வியர்த்தது, சட்டை தொளதொளத்தது. எங்கோ ஓரிடத்தில், திசுவை ஆராயாமலே, காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோய் காரணமாவது மிகுதி. ஆதலின் அந்த ஐயம் தவறன்று. ஐயத்தையே முடிவாகக் கொண்டதுதான் தவறு.

முடிவு கூறவல்லது திசு ஆய்வே. இரத்தச் சோதனை குற்றமற்றதாகத் தோன்றினும் நோய் இருக்கலாம். ஊசியால் எடுத்த சில அணுக்களும் பலவேளை போதா. கணுவின் அமைப்பையே காண வேண்டுமாதலால், இயன்றவரை முழுக் கணுவையும் எடுத்து ஆராய்வது நல்லது. அணுக்களின் மேலுள்ள புரதங்களையும் சோதித்து வகையைத் துணிகிறோம். பிறகு ஸ்கேன் படங்களாலும், தேவையாயின் எலும்பு மச்சையாலும், நோய் எவ்வளவு பரவியது என்பதை அறிகிறோம். வகை தெரிந்தால் மருந்தும் தெரியும். சி.டி.20 என்னும் புரதத்தைக் குறிவைக்கும் ரிடக்ஸிமாப் 1997 முதல் பயன்பட்டு வருகிறது. அம்மாணவனுக்கு அது உதவிற்று. தாமதித்தே வந்தான், ஆயினும் பிழைத்தான். எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

நெறி கட்டியவுடன் கலங்காதீர்கள். ஆனால், காரணமின்றித் தோன்றிச் சில வாரங்களாகியும் வாடாத கட்டியை வலிக்கவில்லை என்பதற்காகப் புறக்கணிக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்; "திசுவை ஆராய வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.