கைகட்டி நிற்கும் சில நிமிடங்கள்



மடிக்கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். சில விநாடிகளில் திரை ஒளி பெறுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் நிகழ்வது என்ன என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் வட்டிலே உறங்கிக் கிடக்கின்றன. உறங்குபவரை எழுப்ப ஒருவர் விழித்திருக்க வேண்டுமன்றோ? அப்படி விழித்திருப்பதே பயாஸ் என்னும் நிரல். கணினியின் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் அது குடியிருக்கிறது. நினைவகம் நலமா, விசைப்பலகை உண்டா, வட்டு எங்கே என்று பார்த்தபின், இயக்க அமைப்பை எழுப்பிப் பொறுப்பை ஒப்படைக்கிறது. இன்றைய கணினிகளில் அதன் இடத்தைப் பெற்றிருப்பது யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் அமைப்பு, ஆயினும் பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில், இந்த நிரல் அழித்தெழுத இயலாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அதனை மாற்ற வேண்டுமாயின் சில்லையே மாற்ற வேண்டும். பின்னர், மின்சாரத்தாலேயே அழித்து எழுதத்தக்க ஃபிளாஷ் நினைவகம் வந்தது. வசதி வந்தது, உடன் ஆபத்தும் வந்தது. 1999 ஏப்ரல் 26-ஆம் நாள் சி.ஐ.எச். என்ற வைரஸ் பல கணினிகளின் பயாஸை அழித்து, அவற்றை எழவொட்டாமற் செய்தது.

அவ்வாறாயின் பயாஸைத் தொடாமலே இருந்துவிடலாமே எனலாம். எப்போதும் அப்படி இருக்க இயலாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்னும் குறைகள் செயலிகளில் இருப்பது வெளிப்பட்டது. அவற்றுட் சிலவற்றுக்குரிய திருத்தம் பயாஸ் வழியாகவே பல கணினிகளுக்கு வந்தது. தக்க காரணம் இருந்தால் புதுப்பிக்க வேண்டும். புதியது என்ற ஒன்றே காரணமாகாது.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகளின் மடிக்கணினியைப் புதுப்பிக்க நானே முன்வந்தேன். அவள் தன் ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரமே இருந்தது. வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்தில் திரை இருண்டது. விசிறி மட்டும் இரைந்து சுழன்றது. இரண்டு நிமிடம் பொறுத்தேன். மூன்றாவது நிமிடம் பொறுமை இழந்து, பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டேன். பாதி எழுதப்பட்ட நிரலோடு நின்ற கணினி பிறகு எழவேயில்லை. பழுது பார்ப்பவர் கருவி கொண்டு சில்லில் மீண்டும் எழுதினார். கணினி எழுந்தது, ஆனால் வட்டைப் பூட்டியிருந்த பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அதனை நாங்கள் குறித்து வைக்கவில்லை. அவளுடைய இணையக் கணக்கில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பெண் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை.

அன்று கற்ற பாடத்தை வரிசையாகக் கூறுகிறேன். முதலில், கணினியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து அதன் மாதிரிப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஓரெழுத்து மாறினாலும் அது வேறு கணினி. அதற்குரிய கோப்பைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே பெறுங்கள். உடனுள்ள குறிப்பையும் படியுங்கள். சில பதிப்புகளை இட்டபின் பழையதற்குத் திரும்ப இயலாது. நிறுவனம் எஸ்.எச்.ஏ.-256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியைத் தந்திருந்தால், உங்கள் கோப்பின் குறியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, உங்கள் கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வையுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பின்பு, பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதிலுள்ளவை அனைத்தும் அழியும் என்பதை மறவாதீர்கள். பயாஸ் கோப்பை, நிறுவனம் கூறிய பெயரிலேயே அதில் இடுங்கள்.

மின்சாரம் எப்போது போகும் என்பதை யார் அறிவார்? ஆகவே மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. பிறகு கணினியை இயக்கி, எஃப்2 அல்லது எஃப்12 போன்ற, அந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். புதுப்பிக்கும் பகுதியில் பென் டிரைவிலுள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்து, திரை காட்டும் பதிப்பு எண்ணைச் சரிபார்த்தபின் ஒப்புதல் கொடுங்கள்.

அதன்பின் கையை எடுத்துவிடுங்கள். திரை இருளலாம், விசிறி இரையலாம், கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழலாம். எல்லாம் இயல்பே. பென் டிரைவைப் பிடுங்காதீர்கள்; பொத்தானைத் தொடாதீர்கள். முடிந்தபின் பதிப்பு எண்ணைப் பார்த்து, நிறுத்திய பாதுகாப்பை மீண்டும் தொடங்குங்கள்.

ஆயத்தத்திற்கு ஒரு மணி நேரம், செயலுக்குச் சில நிமிடங்கள், பொறுமைக்கு அளவில்லை. சென்ற ஆண்டு அதே கணினியை மறுமுறை புதுப்பித்தோம். திரை இருண்டதும் தமக்கை மகள் என்னைப் பார்த்து, “மாமா, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்” என்றாள். கட்டிக்கொண்டேன். சிறிது நேரத்தில் திரை ஒளி பெற்றது.