மருந்துக்கு மசியாத கிருமியும் மக்களுக்கான தடுப்பூசியும்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் டைபாய்டு ஜுரம் கண்டவர்களில் பத்துக்கு ஒருவராவது மாண்டனர். 1948-ல் குளோரோமைசெட்டின் வந்தது. ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகின. மருந்தை முறியடிக்கும் சக்தியை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுக்கவும் செய்யும். ஒவ்வொரு மருந்தாகச் செயலிழந்தது.

2016-ல் பாகிஸ்தானில், சிந்து மாகாணத்து ஹைதராபாத் நகரில், ஐந்து வகை மருந்துகளுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. வாய்வழி மருந்தில் மிஞ்சியது அஸித்ரோமைசின் ஒன்றே. அதுவும் கைவிட்டால், விலையுயர்ந்த ஊசிமருந்துதான் கதி. கூலிக்காரன் வீட்டுக் குழந்தைக்கு அது எட்டுமா?

இங்கேதான் தடுப்பூசி கைகொடுத்தது. டைபாய்டு கிருமி தன் உடலைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஒரு போர்வை போர்த்தியிருக்கிறது. அதை மட்டும் கொண்டு செய்த பழைய ஊசி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பலிக்கவில்லை. விஞ்ஞானிகள் அந்தப் பொருளை, நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்தார்கள். பச்சிளங் குழந்தையின் உடலும் எதிரியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொண்டது. மருந்துக்குப் பணிந்த கிருமிக்கும் பணியாத கிருமிக்கும் போர்வை ஒன்றே. ஆகவே தடுப்பூசி இரண்டையும் தடுக்கிறது. நோயே வராதபோது மருந்தும் வீணாவதில்லை; கிருமி அதை வெல்லப் பழகும் வாய்ப்பும் குறைகிறது.

2018-ல் அந்த நகரில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். மருந்துக்கு மசியாத டைபாய்டை அது நூற்றுக்கு 97 பங்கு தடுத்ததாக 2021-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2019-ல் உலகிலேயே முதலாவதாகப் பாகிஸ்தான் இவ்வூசியைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அந்த ஊசி தயாரானது எங்கே? நமது தெலங்கானா ஹைதராபாத்தில்! எல்லைக் கோட்டைக் கிருமியும் மதிப்பதில்லை. விஞ்ஞானமும் மதிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. இதே முறையில் செய்த ஓர் ஊசி வியட்நாமியக் குழந்தைகளை நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் காத்ததென்று 2001-லேயே நிரூபணமாயிற்று. இத்தகைய ஊசி ஒன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற 2017 முடிவாயிற்று. பதினாறு ஆண்டுகள்! இந்நோயாளிகள் ஏழை நாடுகளின் சேரிக் குழந்தைகள். அவர்களிடம் பெரிய லாபம் கிடைக்காது. இந்தத் தாமதத்துக்கு அது முக்கியக் காரணமல்லவா? 2017-ல் சர்வதேசத் தடுப்பூசி நிதியமைப்பான காவி, 8 கோடி 50 லட்சம் டாலர் ஒதுக்கிய பிறகே ஏழை நாடுகளுக்கு வழி திறந்தது. பொதுப் பணம் வந்தது, ஊசியும் சென்றது.

2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். இத்தகைய கிருமிகள் பலவற்றுக்கு இன்னும் தடுப்பூசியே இல்லை. சந்தை கண் திறக்கும்வரை குழந்தைகள் காத்திருக்க வேண்டுமா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஊசி குழந்தையைக் காக்கும். சாக்கடை கலந்த குழாயைச் செப்பனிடாது. தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் வேண்டும். விளைந்த ஊசி ஏழைக்கு இலவசமாகச் சேர வேண்டும். வீடுதோறும் சுத்தமான குடிநீர் வேண்டும். இவை தர்மமல்ல, தோழர்களே. உழைக்கும் மக்களின் உரிமை. இதை உங்கள் தெருவில், உங்கள் சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நகரசபையின் முன் சென்று கேளுங்கள்.