சுரங்க வாயுவும் பொதுக் காடும்

பழங்கிணற்றில் இறங்குமுன் ஒரு விளக்கைக் கயிற்றிற் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது தமிழ்க் கிராமங்களிற் பெரியோர் கைக்கொண்ட வழக்கம். விளக்கு அணைந்துவிட்டால், அங்கே மூச்சுக்கு உதவாத காற்றுத் தங்கியிருக்கிறதென அறிந்து எவரும் இறங்கமாட்டார். நிலக்கரிச் சுரங்கத்திலோ ஆபத்து வேறுவகையானது. அங்கே கொண்டுசெல்லும் விளக்கே சுரங்கம் முழுவதையும் வெடிக்கச் செய்துவிடக்கூடும்.

இதற்குக் காரணம் மெதேன் என்னும் வாயு. சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறும்போது குமிழியிட்டு எழுவதும் இதுவே. இதற்கு நிறமில்லை, மணமில்லை. பண்டைக்காலத்தில் மண்ணுட் புதைந்த தாவரங்கள் நிலக்கரியாக மாறியபோது உண்டான இவ்வாயு, கரிப்படையின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. கரியை வெட்டியதும் அழுத்தம் குறைய, அது வெளிப்படுகிறது. வளியில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறியே போதும். 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி இங்கிலாந்தின் பெலிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். சேர் அம்பிரி டேவி 1815இல் காப்பு விளக்கை அமைத்தார். ஆயினும் அபாயம் முற்றாக நீங்கிவிடவில்லை. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 2010ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி ஒரு சுரங்கத்தில் மெதேன் தீப்பற்ற, அதனாற் கரித்தூளும் வெடித்து 29 தொழிலாளர் உயிரிழந்தனர்.

ஆகவே வாயுவை அகற்றியே தீரவேண்டும். பெரிய விசிறிகளாற் காற்றைச் செலுத்தி அதனை ஐதாக்குவது ஒரு முறை. வாயு மிகுந்த சுரங்கங்களுக்கு அது போதாது. கரியை எடுத்துக்கொண்டு இயந்திரம் முன்னேற, பின்னாலுள்ள கூரைப்பாறை இடிந்து விழுகிறது. அவ்விடிபாட்டினுள் மேற்படைகளின் வாயுவும் வந்து நிறைகிறது. நிலத்தின் மேலிருந்து அங்கே துளைக்கிணறுகள் இறக்கி, பம்பிகளால் அதனை உறிஞ்சி எடுப்பர். இதுவே மெதேன் வடித்தல். துளையிடும் பொறியையும் லொறிகளையும் கொண்டுசெல்லப் பாதை வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சமதளம் வேண்டும். நிலத்தின் மேலே காடு இருந்தால் மரங்கள் வீழவேண்டும்.

கொலராடோ மாநிலத்தில், கன்னிசன் தேசியக் காட்டின் அடியிற் கரி எடுக்கும் வெஸ்ற் எல்க் சுரங்கத்தில் இச்சிக்கல் முற்றியது. அக்காடு பொதுமக்களின் சொத்து. அதன் ஒரு பகுதி, பாதைகள் அமைக்கப்படாது காக்கப்படவேண்டிய நிலம். எனினும் 2012இல் வகுக்கப்பட்ட விதியொன்று, ஏறக்குறைய 19,000 ஏக்கரில் நிலக்கரித் தொழிலுக்குத் தற்காலிகப் பாதைகள் அமைக்க இடமளித்தது. இயற்கை காப்போர் வழக்குத் தொடர்ந்தனர். அரச திணைக்களங்கள் கரியினால் வரும் வருவாயைக் கணக்கிட்டுவிட்டு, வானிற் கலக்கும் வாயுக்களால் விளையும் நட்டத்தைக் கணக்கிடாமல் விட்டது தவறு என்று 2014இல் நீதிமன்றம் தீர்த்தது. 2016இல் அவ்விலக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. ஆயினும் அதே ஆண்டு யூன் மாதத்தில் அக்காட்டினூடே ஏறக்குறைய ஒரு மைல் நீளப் பாதை வெட்டப்பட்டுவிட்டது.

தொழிலாளரின் உயிர் காக்க வாயுவை வெளியேற்றுவதை எவரும் குறைகூறார். கிணற்றின் வாயிலை அடைந்த வாயுவை என்ன செய்வது என்பதே வினா. வெஸ்ற் எல்க்கில் பல ஆண்டுகளாக அதன் பெரும்பகுதி வானத்தில் விடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் கணக்கிற் பார்த்தால், நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்துவது மெதேன். இருபது ஆண்டுக் கணக்கில் அது 80 மடங்குக்கும் மேல். அதனை எரித்துவிட்டால் ஒரு தொன் மெதேன் இரண்டே முக்கால் தொன் காபனீரொட்சைட்டாகிறது. கேடு முற்றாக ஒழியாவிடினும் மிகவும் குறைகிறது.

எரிப்பதினும் பயன்படுத்துவது மேல். அதே பள்ளத்தாக்கில், எல்க் கிறீக் என்னும் அயற்சுரங்கத்தின் வாயுவைக் கொண்டு 3 மெகாவாற்று மின்னிலையம் ஒன்று 2012இல் இயங்கத் தொடங்கியது. அச்சுரங்கத்தில் கரி எடுப்பது நின்ற பின்னரும் வாயு வருவது நிற்கவில்லை; மின்சாரமும் கிடைத்தது. கைவிடப்பட்ட சுரங்கமும் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கும் என்பதற்கு இது சான்று.

ஆயின் எங்கும் இவ்வாறு செய்யத் தடை யாது? வடித்த வாயுவில் வளி கலந்திருப்பதால் தூய்மை செய்யவேண்டும், தொலைவிலுள்ள குழாய்வழிக்குக் கொண்டுசெல்லவேண்டும், செலவு மிகும். அன்றியும் அமெரிக்கச் சட்டத்தில் பொதுநிலத்துக் கரிக்குக் குத்தகை வேறு, வாயுவுக்குக் குத்தகை வேறு. கரிக்கு உரிமை பெற்றவர் வாயுவை விற்க உரிமை பெற்றவராகார். விற்க உரிமை வேண்டிய அப்பொருளை, ஆபத்து நீக்கும் பொருட்டு வீணே வானில் விடுவதற்கோ தடையில்லாதிருந்தது.

காட்டுக்கு உடையவர் பொதுமக்கள்; கரிக்கும் வாயுவுக்கும் உடையவர் அவர்களே. குத்தகை எழுதும் நாளிலேயே, வடிக்கும் வாயு எங்கே செல்லும், வெட்டும் பாதையை யார் மூடுவார், வீழ்ந்த மரத்துக்கு யார் கன்று நடுவார் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பாதை வெட்டப்பட்ட பின் கிடைக்கும் தீர்ப்பு, வீழ்ந்த மரத்தை நிமிர்த்தாது.