பானெட்டைத் தாங்கும் நைட்ரஜன்

காரின் பானெட்டைத் திறந்து நிறுத்திவைக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, ஓரமாகப் படுத்திருக்கும் இரும்புக் கம்பியை நிமிர்த்தி, பானெட்டின் அடியில் உள்ள துளையில் செருகுவது. மற்றொன்று கேஸ் ஸ்ட்ரட். சிறிய கார்களில் பெரும்பாலும் கம்பிதான். மாருதி சுசூகி ஜிம்னியிலும் அப்படியே. கம்பி மலிவானது, பழுதாகாதது. ஆனால் ஒரு கை பானெட்டைத் தாங்கிக்கொண்டிருக்க, மறு கை துளையைத் தேட வேண்டும். ஓடி நின்ற வண்டியென்றால் கம்பி கையைச் சுடும். பலத்த காற்றில் கம்பி நழுவினால் பானெட் குனிந்திருப்பவரின் தலையில் இறங்கும். இந்தத் தொல்லைகளுக்காகவே பலர் கம்பி உள்ள வண்டிகளில் பின்னர் ஸ்ட்ரட் பொருத்திக்கொள்கிறார்கள்.

ஸ்ட்ரட் என்பது மூடிய எஃகு உருளை. அதற்குள் பிஸ்டன், பிஸ்டனோடு இணைந்து வெளியே நீளும் வழவழப்பான தண்டு, தண்டு வெளிவரும் வாயில் ஒரு சீல். உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், கூடவே சிறிதளவு எண்ணெய். ஹாட்ச்பேக் காரின் பின்கதவைத் திறந்து பார்க்கும் நேயர்களுக்கு இரு ஓரங்களிலும் தெரியும் கறுப்புக் குழாய்கள் இவைதாம். அலுவலக நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பதும் இதே இனத்துப் பொருள்தான். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1934இல் தொடங்கிய ஸ்டாபிலுஸ் நிறுவனம் 1962 முதல் இவற்றைப் பெருமளவில் தயாரித்து வருகிறது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. பிஸ்டனில் சிறு துளை உண்டு. அதனால் நைட்ரஜன் பிஸ்டனின் இரு பக்கமும் நிறைந்திருக்கும். அழுத்தமும் இரு பக்கமும் ஒன்றே. அப்படியானால் தண்டை வெளியே தள்ளுவது எது? தண்டு இல்லாத பக்கத்தில் பிஸ்டனின் முழுப் பரப்பின்மீதும் நைட்ரஜன் அழுத்துகிறது. தண்டு உள்ள பக்கத்திலோ, தண்டு அடைத்துக்கொண்ட இடம் போக மிச்சப் பரப்பின்மீதுதான் அழுத்துகிறது. இந்த வித்தியாசமே விசை. ஆகவே ஸ்ட்ரட்டின் தள்ளுவிசையை முடிவுசெய்வது உருளையின் பருமன் அன்று. தண்டின் குறுக்குவெட்டும் உள்ளே இருக்கும் அழுத்தமுமே. 8 மில்லிமீட்டர் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். அது 180 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 18 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ள வேண்டுமென்றால் உள்ளே சுமார் 36 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். ஸ்ட்ரட்டுக்குள் அதைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு.

பிஸ்டனில் உள்ள அந்தச் சிறு துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிஸ்டன் நகரும்போது நைட்ரஜன் அதன் வழியே நிதானமாகத்தான் கடக்க முடியும். பானெட் துள்ளி எழாமல் மெல்ல ஏறுவது அதனால்தான். கடைசிக் கட்டத்தில் பிஸ்டன் எண்ணெய்க்குள் நுழைவதால் வேகம் இன்னும் குறையும். அதே எண்ணெய் சீல் காய்ந்துவிடாமலும் காக்கிறது. இரண்டும் நடக்க எண்ணெய் சீல் இருக்கும் பக்கம் தங்க வேண்டும். எனவே தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுவதே பொது விதி. தயாரிப்பாளர் வேறுவிதமாகக் குறித்திருந்தால் மட்டும் அதற்கு விலக்கு.

வெப்பநிலைக்கும் ஸ்ட்ரட் கட்டுப்படும். உருளையின்மேல் அச்சிட்டிருக்கும் விசை 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் விசை ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு கூடும் அல்லது குறையும். 180 நியூட்டன் ஸ்ட்ரட், என்ஜின் சூட்டில் 60 டிகிரியை எட்டினால் 200 நியூட்டனைத் தாண்டிவிடும். குளிர் 0 டிகிரியைத் தொடும் மலையூரின் விடியற்காலையில் 170க்கும் கீழே இறங்கிவிடும். நடுப்பகலில் உறுதியாக நின்ற பானெட் அதிகாலையில் தளர்ந்து இறங்குகிறதென்றால், முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி எவ்வளவு விசை தேவை என்பது. இதற்குப் பானெட்டின் எடை மட்டும் போதாது. அந்த எடை கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 15 கிலோ பானெட் ஒன்று பாதிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, அதன் எடைமையம் கீலிலிருந்து கிடைமட்டமாக 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 15 கிலோ என்பது 147 நியூட்டன். அது கீலைச் சுற்றிக் கீழே இழுக்கும் திருப்புவிசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட் தள்ளும் கோடு அந்த நிலையில் கீலிலிருந்து செங்குத்தாக 20 சென்டிமீட்டர் விலகி இருந்தால், இரண்டு ஸ்ட்ரட்டுகளில் ஒவ்வொன்றும் 147 நியூட்டன் தர வேண்டும். குளிருக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் கூட்டினால் 170, 180 என்று வரும். பானெட்டைக் கழற்றாமல் கணக்கிடவும் வழி உண்டு: பூட்டை விடுவித்துவிட்டு, முன்விளிம்பின் நடுவில் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி மெல்லத் தூக்க வேண்டும். கீலிலிருந்து 100 சென்டிமீட்டரில் ஏழரைக் கிலோ காட்டினால், அது 50 சென்டிமீட்டரில் 15 கிலோ இருப்பதற்குச் சமம்.

அப்படியென்றால் மூடியிருக்கும்போதும் ஸ்ட்ரட் பானெட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்காதா? நேயர்களுக்கு எழக்கூடிய நியாயமான கேள்விதான். மூடும்போது தண்டு உள்ளே போவதால் நைட்ரஜனுக்கு இடம் குறைந்து விசை உண்மையிலேயே கூடுகிறது. ஆனால் ஸ்ட்ரட் படுத்துவிடுகிறது. அதன் கோடு கீலுக்கு மிக அருகே வந்துவிடுவதால் விசையின் பெரும்பகுதி கீலை நோக்கியே போகிறது. பானெட்டைத் தூக்க மிஞ்சுவது அற்பம். திறக்கும்போது ஒரு கோணம் வரை எடை வெல்லும், அதைத் தாண்டினால் ஸ்ட்ரட் வெல்லும். அந்த மாற்றம் எந்தக் கோணத்தில் நிகழும் என்பதை முடிவுசெய்வது பிராக்கெட்டின் இடம். பிராக்கெட் சில சென்டிமீட்டர் இடம் மாறினாலும் பானெட்டின் போக்கே மாறிவிடும்.

நீளம் ஒத்துவருகிறதே என்று பின்கதவுக்குரிய 500 நியூட்டன் ஸ்ட்ரட்டை முன்னால் மாட்டுவது பட்டறைகளில் நடக்கும் தவறு. பானெட் ஜோராக எழும். ஆனால் மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த விசை கீலையும் தகட்டையும் நெருக்கிக்கொண்டே இருக்கும். நாளடைவில் பின்மூலைகள் தூக்கிக்கொள்ளும், இடைவெளி கோணலாகும், மெல்லிய தகடு மடிந்தும் போகும். ஆகவே அந்தந்த மாடலுக்கென்றே விற்கும் கிட்டை வாங்குவது நல்லது. ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளிலேயே பொருந்தும் கிட் இன்னும் நல்லது. தகட்டில் புதிதாகத் துளை போட்டால் துரு நுழையும்.

பொருத்தும் வேலை இதற்குப் பிறகு நீளாது. பானெட்டைத் திறந்து பழைய கம்பியில் நிறுத்த வேண்டும். துணைக்கு ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். கீல் இருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் பானெட் நகர்ந்தாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். போல்ட்டுகளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தளர்த்தக் கூடாது. ஒன்றைக் கழற்றி, பிராக்கெட்டை வைத்து முறுக்கிய பிறகே அடுத்தது. பானெட் பக்கமும் ஃபெண்டர் பக்கமும் பிராக்கெட்டுகள் அமைந்தபின், அவற்றில் உள்ள உருண்டைத் தலைகளின்மேல் ஸ்ட்ரட்டின் கிண்ணங்களை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து அழுத்தம் வெளியேறிவிடும்.

முதல் முறை மூடுவதுதான் சோதனை. கையை விடாமல் மெல்ல இறக்கி, ஸ்ட்ரட் பேட்டரி முனையிலோ வயரிலோ கண்ணாடி கழுவும் நீர்க்குழாயிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டு விழுவதற்கு முன்பே தண்டு முழுவதும் உள்ளே போய் முட்டினால் அந்த ஸ்ட்ரட் நீளம். அழுத்தி மூடினால் தகடு வளையும். முழுதாகத் திறக்கும்போது பானெட்டின் பின்விளிம்பு முன்கண்ணாடியையோ வைப்பரையோ தொடக் கூடாது. பழைய கம்பியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஸ்ட்ரட் ஓய்ந்துபோகும் நாளில் அது உதவும்.

அந்த நாள் வரத்தான் செய்யும். சீல் வழியே நைட்ரஜன் சிறிது சிறிதாகக் கசியும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் முடிவு நெருங்கிவிட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பானெட் ஒருபக்கமாக முறுக்கப்படும். கழற்றிய ஸ்ட்ரட்டை வெட்டவோ துளையிடவோ தீயில் போடவோ கூடாது. பானெட் இறங்கும் அளவுக்கு ஓய்ந்த ஸ்ட்ரட்டிலும் உடைந்தால் வெடித்துச் சிதறும் அழுத்தம் மிச்சமிருக்கும். சரியான விசை, சரியான இடம், கீழ்நோக்கிய தண்டு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் ஒரு கை தூக்கினால் போதும், பானெட் நிற்கும். மறு கை ஆயில் குச்சியை எடுக்கலாம்.