மூன்று மாதச் சராசரியை மட்டும் நம்பலாமா?

சர்க்கரை உள்ளவர்கள் 'மூணு மாச ஆவரேஜ்' என்பார்களே, அந்த எச்பிஏ1சி பரிசோதனை பற்றிப் பேசப்போகிறேன். கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்த ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டால் வீடே நிம்மதியாகிவிடுகிறது. அங்கேதான் எனக்குக் கவலை.

சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அந்த அணு வாழும் காலம் முழுக்க, ஏறக்குறைய 120 நாள், அது அப்படியே இருக்கும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். கர்ப்பகாலத்தில் உடம்பு புது அணுக்களை வேகமாக உண்டாக்குகிறது. இளம் அணுவில் சர்க்கரை ஒட்ட அவகாசம் குறைவு, அதனால் எண் இறங்கித் தெரியும். இரும்புச்சத்துக் குறைந்து சோகை வந்தாலோ எண் ஏறித் தெரியும். நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சோகை உண்டு.

இன்னொன்று, சராசரி என்பது ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். அம்மா சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஏறும் சர்க்கரை நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தை கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது, அளவுக்கு மீறிப் பருக்கிறது.

அல்புமின் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் 'கிளைக்கேட்டட் அல்புமின்' பரிசோதனையும் இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று வாரத்தை மட்டும் காட்டும். சோகை அதைக் குழப்பாது. ஆனால் சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகிறவர்களுக்கு அதையும் முழுக்க நம்ப முடியாது. எல்லா லேபிலும் செய்வதுமில்லை.

ஆகவே விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனையைத்தான் முதலில் நம்புங்கள் என்பேன். பொதுவாக, வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்தை முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து கணக்கிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே வலி குறைவு. மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறிவிடும்.

பிரசவத்தில் ரத்தம் போவதால் அதன்பிறகும் கொஞ்ச காலம் எச்பிஏ1சி சரியாகக் காட்டாது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த தாய்மார்கள் ஆறு வாரம் கழித்து, வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோடு அலைவது சிரமம்தான். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.