பாலத்தைக் கடப்பவர் எத்தனை பேர்?

மாணவ நண்பர்களே!

நான் வண்ணார்பேட்டையில் வளர்ந்தவன். பாளையங்கோட்டையையும் நெல்லையையும் தாமிரவருணியின் மேல் இணைக்கும் பாலம் எங்கள் பகுதிக்கு அருகில்தான் இருக்கிறது. சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து 1843-இல் அதைக் கட்டுவித்தார். மோட்டார் வண்டி தோன்றாத காலம் அது. மனிதர் ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்தப் பாலத்தின் மீதுதான் நான் பேட்டையிலிருந்த கல்லூரிக்கு மிதிவண்டியில் சென்றேன். சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் 1973-இல் திறக்கப்பட்டது. மேல் தளத்தில் பேருந்துகள் சென்றன. கீழ்த் தளத்தில் எங்களைப் போன்ற சிறு வண்டிக்காரர் சென்றோம். மிதிவண்டிக்காரனுக்கும் தனி இடம் வேண்டும் என்று இந்த நகரம் அன்றே எண்ணியிருக்கிறது!

இன்றோ என் பேத்தியின் மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு அவளுக்கு விலையின்றி வழங்கிய வண்டி அது. பள்ளி இரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், சாலை நெரிசலுக்கு அஞ்சி என் மகன் அவளைக் காரில் கொண்டு விடுகிறான். பள்ளி வாயிலில் காருக்கு ஒரு குழந்தையாகக் கார்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. எந்த நெரிசலுக்கு அவன் அஞ்சுகிறானோ, அந்த நெரிசலில் அவன் காரும் ஒன்று. அவனைக் குறை கூற எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டுக்கு முதற் காரை வாங்கியவன் நானே.

இந்த வளையத்திலிருந்து மீள வழி உண்டா? உண்டு. நெதர்லாந்து நாட்டில் 1971-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் மாண்டனர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. அதன் பின்னர் அந்நாடு மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகளை நிறைய அமைத்தது. நம் புதுக்கோட்டையிலும் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். சந்தைக்கும் வேலைக்கும் செல்ல அவர்கள் எவரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாமற் போயிற்று.

தொலைவு மிகுந்தால் பேருந்து இருக்கிறது. ஒரு பேருந்து ஏறக்குறைய மூன்று கார்களின் நீளம். மூன்று கார்களில் பெரும்பாலும் ஐந்தாறு பேர் செல்கின்றனர். ஒரு பேருந்திலோ ஐம்பது பேர் செல்கின்றனர். 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் இங்கே தோன்றியது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. ஆனால், கார்களுக்குப் பின்னால் பேருந்து முடங்கி நின்றால் அந்த நன்மையும் பாதியாகிறது.

"நெல்லை வெயிலில் மிதிவண்டியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆகையால்தான் பாதையோடு நிழல் மரங்களும் வேண்டும் என்கிறேன். நோயாளிக்கும் முதியோர்க்கும் கார் தேவைப்படலாம். மற்றவர் இறங்கிக்கொண்டால் அவர்களுக்கும் வழி கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நாள் காலையில் பாலத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். வண்டிகளை எண்ணாதீர்கள், மனிதரை எண்ணுங்கள். பேருந்தில் எத்தனை பேர், காரில் எத்தனை பேர், மிதிவண்டியில் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். அந்தக் கணக்கை உங்கள் பெற்றோரிடமும் நகரத்தை ஆள்வோரிடமும் காட்டுங்கள்.

என் பேத்தியின் மிதிவண்டிச் சக்கரங்களுக்கு நேற்றுக் காற்றடித்து வைத்தேன். அவள் அஞ்சாமல் ஓட்டிச் செல்லும் சாலையை அமைத்துத் தருவது நம் அனைவரின் கடன்.